வண்ண இலைப் பெப்பரோமியா

வெற்றிலையும் மிளகும் நாம் நன்கறிந்த கொடிகள். அவற்றின் குடும்பத்தைச் சேர்ந்ததே, வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து இன்று தொட்டிகளில் வளர்க்கப்பெறும் பெப்பரோமியா என்னும் சிறு செடி. கோடையில் 40 பாகை செல்சியஸையும் தாண்டும் திருத்தணி வெப்பத்தில் இது துவளக் கண்டு, நாளும் இருமுறை நீர் வார்ப்போர் உளர். செடியைக் கொல்வது பெரும்பாலும் அந்நீரே. தடித்த இலை தன்னுள் நீரைச் சேமித்து வைப்பது. வேரோ மிகச் சிறிது. காட்டில் மரக்கிளையின்மேல் மட்கிய சருகைப் பற்றி வாழும் இனம் சேற்றைத் தாங்குமோ? மேல்மண் காய்ந்தபின் வார்த்தால் போதும். மணலும் தென்னைநார்க் கழிவும் கலந்த மண், அடியில் துளையுள்ள சிறு தொட்டி. பெரிய தொட்டி வேண்டா.

நேர்வெயில் இலையைக் கருக்கும். இருளோ வண்ணத்தை மங்கச் செய்யும். தறிக்கு ஒளி தரும் சாளரத்தருகே, வெயில் படாது வைத்தலே தக்கது. சாயமிட்ட நூலை நிழலில் உலர்த்தும் நெசவாளர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

விற்பனைக்கெனப் பெருக்கும் பயிரிடுவோர் ஒன்று கருதுக. வெண்மையோ மஞ்சளோ கலந்த வகையில் இலையை மட்டும் நட்டால், கன்று பெரும்பாலும் வெறும் பச்சையாகவே வரும்; விலை போகாது. கணுவுடன் கூடிய தண்டையே நடுதல் வேண்டும். தாய்ச்செடியில் முழுப்பச்சைக் கிளை தோன்றினால் உடனே கிள்ளிவிடுக. பச்சையம் மிகுந்த அக்கிளை, வண்ணக் கிளைகளை விஞ்சி வளர்ந்துவிடும்.