யானை பார்க்க எங்கே போவது?

தோப்பூரில் வயல் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு யானை என்றால் ஞாபகம் வருவது புத்தகப் படமல்ல. காவலுக்குப் போன வாப்பா இரவில் கொளுத்தும் யானை வெடியின் சத்தம்தான். ‘வயலை அழிக்கிற யானையைக் காசு கொடுத்தா பார்க்கப் போவது?’ என்று மூத்தம்மா கேட்டால் அதில் நியாயம் உண்டு. ஆனாலும் சகோதரிகளே, பயந்து ஒளிந்து பார்த்த ஒன்றை ஒரு தடவை அமைதியாகப் பார்ப்பது பிள்ளைகளுக்கு வேறொரு பாடம்.

உகண்டாவிலும் ருவாண்டாவிலும் மலைக் கொரில்லா பார்க்கப் போகிறவர்கள் ஒரு மணி நேரத்துக்காகப் பெருந்தொகை கட்டுகிறார்கள். ருவாண்டாவில் 2017 முதல் ஆளுக்கு 1,500 டொலர். பதினைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அனுமதியும் இல்லை. நமக்கோ கந்தளாய் தாண்டி ஹபரணை வரை ஒரு வேன் பயணம் போதும்.

அங்கே எந்த இடம் என்பதை மாதம்தான் தீர்மானிக்கும். ஜூலையிலிருந்து ஒக்டோபர் வரை, மகாசேன மன்னன் கட்டிய மின்னேரியாக் குளம் வற்றி, கரையில் இளம்புல் முளைக்கும். அதைத் தேடி யானைகள் கூட்டங்கூட்டமாக வரும். குளத்தில் நீர் கூடிப் புல் மூழ்கிவிட்டால் அவை பக்கத்திலுள்ள கவுடுல்லவுக்கு நகர்ந்துவிடும். மாரி மாதங்களில் ஹுருலு காடு நல்லது. நோன்பு விடுமுறை ஆண்டுக்காண்டு முன்னே நகரும். யானைகள் அதற்காகக் காத்திருக்கா. ஆகவே, புறப்படுமுன் ஹபரணை ஜீப்காரர்களிடம் ‘இப்போது எங்கே நிற்கின்றன?’ என்று விசாரித்துவிடுங்கள்.

யானைகள் வெளியில் வருவது பின்னேரம். லுஹர் தொழுது, சாப்பிட்டுவிட்டுப் போனால் சரியாக இருக்கும். தண்ணீர்ப் போத்தலும், புழுதிக்கு ஒரு துணியும் கையில் இருக்கட்டும். ஜீப்பை விட்டு இறங்கவேண்டாம். குட்டியோடு நிற்கும் கூட்டத்தை நெருங்கும்படி சாரதியை வற்புறுத்தவும் வேண்டாம். வீதியோரத்தில் நிற்கும் யானைக்கு வாழைப்பழம் நீட்டினால், அடுத்த வாகனத்தையும் அது மறிக்கப் பழகிவிடும்.

திரும்பி வரும்போது பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: புல்லும் தண்ணீரும் காட்டிலே கிடைத்தால் யானைக்கு நமது வயல் எதற்கு? அதை நேரில் கண்ட பிள்ளை, நாளை வெடிச் சத்தம் கேட்கும்போது வாப்பாவுக்காகவும் கவலைப்படும். அந்த யானைக்காகவும் கவலைப்படும்.