குற்றக் கணக்கும் அதைப் படிப்போரும்

டில்லி ராமகிருஷ்ணபுரத்தில் தமிழ்ச் சங்கத்துக்கும் மலைமந்திருக்கும் போய் வருகிற அன்பர்கள், அப்பகுதியிலுள்ள அரசாங்கக் கட்டடத் தொகுதிகளைப் பன்முறை கடந்து சென்றிருப்பார்கள். அவற்றுள் ஒன்றில்தான் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பல ஆண்டுகள் இயங்கி வந்தது. இப்போது அது மகிபால்பூரில் உள்ளது. அங்கே பணிபுரிவோரில் பலர் காக்கி உடை அணிவதில்லை. எவரையும் துரத்திப் பிடிப்பதுமில்லை. நாடெங்கும் போலீஸ் நிலையங்களில் எழுதப்படும் வழக்குகளை எண்ணி, வகுத்து, ஒப்பிட்டு, பொருள் காண்பதே அவர்களுடைய வேலை. இவ்வேலை செய்வோரைப் பகுப்பாய்வாளர் என்று அழைக்கிறோம்.

கணிதமோ புள்ளியியலோ கணிப்பொறியியலோ படித்த நம் பிள்ளைகளுள் சிலர் இத்துறையை நாடத் தொடங்கியிருக்கின்றனர். போலீஸ் வேலை என்றதும் தயங்குகிற பெற்றோரும் உண்டு. இத்தொழில் எத்தன்மையது, இதில் உயர்ந்த நிலையை அடைவதற்கு எவை வேண்டும் என்பவற்றை இங்கே விளக்க முயல்கிறேன்.

இத்தொழிலின் வேரைக் காண வேண்டுமானால் 1897ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டில்தான் உலகின் முதல் கைரேகை அலுவலகம் கல்கத்தாவில் அமைந்தது. கைரேகையைப் பதிவு செய்வது எளிது. பல்லாயிரம் சீட்டுகளுள் வேண்டிய ஒன்றைத் தேடி எடுப்பதே அரிது. அசிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரு இந்திய அலுவலர்கள் இதற்கு வழி காண்பதில் பெரும்பங்கு கொண்டனர். ஒவ்வொரு விரலிலும் சுழி உள்ளதா, இல்லையா? இந்த ஒரே கேள்வியைப் பத்து விரல்களுக்கும் கேட்டால் விடைகள் 1,024 விதமாக அமையும். ஆகவே 1,024 அறைகளில் சீட்டுகளைப் பிரித்து வைத்தனர். தேடுபவர் ஓர் அறையை மட்டும் பார்த்தால் போதும். 1901இல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டும் இம்முறையை ஏற்றுக்கொண்டது. முறைக்கு வழங்கிய பெயர் மட்டும் மேலதிகாரியான எட்வர்டு ஹென்றியின் பெயர்!

இந்த அடித்தளத்தின்மேல் பல நிறுவனங்கள் பின்னர் எழுந்தன. காவல் ஆராய்ச்சி மேம்பாட்டுப் பணியகம் 1970இல் தோன்றியது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 1986இல் அமைந்தபோது, மத்தியக் கைரேகைப் பணியகமும் அதனுடன் இணைந்தது. ஐயத்துக்குரிய பணப் பரிமாற்றங்களை ஆராயும் நிதிப் புலனாய்வுப் பிரிவு 2004இல் நிறுவப்பட்டது. இணையவழி மோசடிகளைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பு மையம் 2020இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஏமாந்தவர்கள் அழைக்கும் 1930 என்ற தொலைபேசி எண்ணுக்குப் பின்னால் இருப்பது அதுவே. இவை யாவும் டில்லியில் உள்ளன. 2022இல் தொடங்கிய தேசியத் தானியங்கிக் கைரேகை அமைப்பில், கைதாகும் ஒவ்வொருவருக்கும் பத்து இலக்க எண் ஒன்று தரப்படுகிறது. 1,024 அறைகள் செய்த வேலையை இன்று கணிப்பொறி சில நொடிகளில் செய்கிறது.

அப்படியானால் மனிதருக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். எண்ணைத் திரட்டுவது கருவியின் வேலை; எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று அறிவது மனிதரின் வேலை. டில்லியிலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன். டில்லியில் 2012இல் பதிவான பாலியல் வல்லுறவு வழக்குகள் 706. அடுத்த ஆண்டில் பதிவானவை 1,636. ஒரே ஆண்டில் குற்றம் இருமடங்குக்கு மேல் பெருகிவிட்டது என்று சொல்லிவிடலாமா? 2012 டிசம்பரில் நிகழ்ந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. 2013இல் சட்டம் திருத்தப்பட்டு, குற்றத்தின் வரையறை விரிவடைந்தது. இத்தகைய புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்குத் தண்டனையும் விதிக்கப்பட்டது. முன்பு வாய்மூடியிருந்த பெண்கள் பலர் காவல் நிலையத்தின் படியேறினர். ஆகவே அந்த உயர்வில் ஒரு பகுதியேனும் நம்பிக்கையின் உயர்வு என்று கொள்ள இடமுண்டு. இதை உணராத அலுவலர் ஒருவர், எண்ணிக்கையைக் குறைப்பதே வெற்றி என்று அறிக்கை எழுதினால் விளைவது என்ன? புகார் கொடுக்க வந்தவரைத் திருப்பி அனுப்புவதே அந்த வெற்றிக்கு எளிய வழி ஆகிவிடும்.

வேறு கண்ணிகளும் உள்ளன. ஒரே நிகழ்ச்சியில் திருட்டும் கொலையும் நேர்ந்து ஒரே முதல் தகவல் அறிக்கையில் எழுதப்பட்டால், தேசியக் கணக்கில் கொலை மட்டுமே எண்ணப்படும். பெருங்குற்றம் சிறு குற்றத்தை மறைத்துவிடும். வாகனத் திருட்டுக்கு இணையம் வழியே புகார் பதியும் வசதி டில்லியில் 2015இல் வந்தது. அத்தகைய வசதி வந்த இடங்களில் பதிவுகள் கூடுவது இயல்பு. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதீய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. கொலைக்குரிய 302ஆம் பிரிவு 103 ஆயிற்று. மோசடிக்குப் பெயராகவே வழங்கிய 420ஆம் பிரிவு 318 ஆயிற்று. பறித்தல் என்பது 304ஆம் பிரிவில் தனிக் குற்றமாக வகுக்கப்பட்டது. பழைய ஆண்டையும் புதிய ஆண்டையும் ஒப்பிடுபவர் இதை அறியாவிட்டால், இல்லாத குறைவையோ கூடுதலையோ கண்டு மயங்குவார்.

இம்மயக்கம் வெறும் ஏட்டுப் பிழையாக நின்றுவிடுவதில்லை. கைரேகை என்ற சொல் மதுரைப் பக்கத்தவருக்கு வேறொரு நினைவைத் தரும். 1871இல் வட இந்தியாவில் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் சென்னை மாகாணத்திலும் புகுந்தது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். ஒருவர் செய்த செயலைக் கேளாமல், அவர் பிறந்த குலத்தைக் கேட்டு ரேகை பதித்த சட்டம் அது. உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் நாள், ரேகை பதிக்க மறுத்துத் திரண்ட மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அச்சட்டம் சென்னையில் 1947இலும், நாடு முழுவதிலும் 1952இலும் நீக்கப்பட்டது. அதை வகுத்தவர்களிடமும் பதிவேடுகளும் பட்டியல்களும் இருந்தன. செயலை எண்ணுவதை விட்டு ஆளை எண்ணத் தொடங்கியதே அவர்களுடைய பிழை.

அப்பிழை இக்காலத்தில் புதிய உருவில் வரக்கூடும். குற்றம் எங்கே நிகழும் என்று முன்கூட்டியே காட்ட முயலும் வரைபட முறைகளை டில்லி போலீஸ் உள்ளிட்ட பல காவல் துறைகள் கையாள்கின்றன. இவற்றுக்கு ஆதாரமாகும் தகவல்களுள் மக்கள் செய்யும் அவசரத் தொலைபேசி அழைப்புகளும் அடங்கும். ஜங்புராவின் பாராபுல்லா கால்வாய்க் கரையில், 2025 ஜூனில் இடிக்கப்படும் வரை மதராஸி முகாம் இருந்தது. நம்மவர் குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் அங்கே வாழ்ந்தன. அத்தகைய நெருக்கமான குடியிருப்பு எதிலும் சண்டை தெருவில் நடக்கும்; யாரேனும் போலீஸை அழைப்பர்; வரைபடத்தில் ஒரு புள்ளி விழும். பெரிய பங்களாவின் மதிலுக்குள் நடப்பது வெளியே கேட்காது, புள்ளியும் விழாது. புள்ளிகள் நிறைந்த இடத்துக்கு மேலும் ரோந்து செல்லும்; ரோந்து சென்ற இடத்தில் மேலும் வழக்குகள் பதிவாகும். இவ்வட்டத்தைக் கண்டறிந்து மேலதிகாரிக்கு எடுத்துரைப்பவரே மூத்த பகுப்பாய்வாளர் என்ற பெயருக்கு உரியவர்.

இனி, இத்துறைக்குள் நுழையும் வழிகளைச் சொல்கிறேன். புள்ளியியல் பட்டதாரிகளுக்கு இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு உண்டு. யூனியன் பப்ளிக் சர்வீஸ் கமிஷன் அதை நடத்துகிறது. வேறு பாடம் படித்த பட்டதாரிகள், ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வின் வழியே மத்தியப் புலனாய்வுத் துறை, தேசியப் புலனாய்வு முகமை முதலியவற்றில் சப் இன்ஸ்பெக்டராகச் சேரலாம். பகுப்பாய்வைப் பணியிலேயே கற்றுக்கொள்ளலாம். 2020இல் அமைந்த தேசியத் தடயவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் காந்திநகர். டில்லி ரோகிணியிலும் அதற்கு ஒரு வளாகம் இருக்கிறது. தடயவியலும் இணையப் பாதுகாப்பும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. ஒப்பந்த அடிப்படையில் நிபுணர்களை எடுத்துக்கொள்ளும் அலுவலகங்களும் உள்ளன. அவற்றில் அனுபவம் கிடைக்கும். ஆனால் நிரந்தரப் பணிக்குரிய பதவி உயர்வை எதிர்பார்த்தல் கூடாது. எவ்வழியாயினும் அரசாங்க அறிவிப்பை நேரே படித்து விண்ணப்பிக்க வேண்டும். இடம் வாங்கித் தருவதாகப் பணம் கேட்பவரை அண்டவே கூடாது.

நுழைந்தபின் உயர்வதற்கு மூன்று தேவை. முதலாவது சட்ட அறிவு: பிரிவு தெரியாமல் எண்ணுவது, அரிசியையும் உமியையும் சேர்த்து அளப்பதை ஒக்கும். இரண்டாவது மொழி அறிவு. டில்லிக் காவல் நிலைய ஏடுகளில் முல்ஜிம், மௌகா, தஃப்தீஷ் போன்ற பாரசீக, அரபுச் சொற்கள் நெடுங்காலம் ஆட்சி செய்தன. சாமானியருக்கு விளங்காத சொற்களை விலக்குமாறு டில்லி உயர்நீதிமன்றமே 2019இல் கூற நேர்ந்தது. இவற்றைக் கண்டு தமிழர் அஞ்ச வேண்டியதில்லை. ஜாமீன், கைதி, ஆஜர், ரத்து, வக்காலத்து ஆகியவை அதே வழியில் வந்து நம் வீட்டுச் சொற்களாகிவிட்டனவே! மொழிபெயர்ப்பை உத்தியோகமாகக் கொண்ட எனக்கு ஒன்று தோன்றுகிறது. நடந்த நிகழ்ச்சி மூலநூல். வழக்குப் பதிவு அதன் முதல் மொழிபெயர்ப்பு. புள்ளிவிவரம் மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பு. மூலத்தை மறந்தவன் கையில் இரண்டும் கெடும். ஆதலால் ஆண்டுக்குச் சில நாளேனும் காவல் நிலையத்தில் அமர்ந்து, புகார் எழுதப்படுவதைக் கண்ணாரக் காண்பது நல்லது.

மூன்றாவதும் முதன்மையானதும் நேர்மை. மேலிடம் விரும்பும் விடையை எண்ணிலிருந்து பிழிந்து கொடுப்பவர் விரைவில் உயரலாம். ஆனால் அவர் எழுதிய ஒரு வாக்கியத்தால், முகமறியாத ஒரு தெருவே ஐயத்துக்கு ஆளாகலாம். இந்த விவரம் இம்முடிவுக்குப் போதாது என்று எழுதிக் கையொப்பமிடும் துணிவைப் பரீட்சையில் அளக்க இயலாது. உங்கள் பிள்ளைகள் இத்துறைக்குச் செல்வதாயின், கணக்கோடு அத்துணிவையும் கற்பித்து அனுப்புங்கள். அவர்கள் எண்ணும் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு மனிதர் நிற்கிறார்.