டிவி காமெடியில் 'பச்சை'யா பிரச்சினை? கட்டியங்காரன் அடிச்ச ஜோக்கும் இன்றைய ஷோக்களும்!

சேலை கட்டிய ஆண் ஒருவர் மேடைக்கு வருகிறார். இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அதற்குள் அரங்கமே சிரிக்கிறது. அடுத்து அவருடைய நிறம், பருமன், நடை என்று ஒவ்வொன்றாகக் கலாய்க்கிறார்கள். வீட்டில் அப்பா ரிமோட்டைத் தேடுகிறார். டிவி காமெடி ஷோ பார்ப்பவர்களுக்குப் பழகிப்போன காட்சி இது.

"அந்தக் காலத்துல இப்படியா இருந்துச்சு?" என்பது வழக்கமான புலம்பல். அது பாதிதான் உண்மை.

தியாகதுருகம் பக்கம் விடிய விடிய தெருக்கூத்து பார்த்தவர்களைக் கேளுங்கள். கட்டியங்காரன் பேசாத பச்சையா? இரட்டை அர்த்தம் தாராளமாக வரும். ஆனால், அவன் வம்பிழுப்பது துரியோதனனை. ராஜா திரைக்குப் பின்னால் நிற்கும்போதே, "யாருப்பா நீ?" என்று கேட்கிற தைரியம் அவனுக்கு உண்டு. அதே கூத்தில் திரௌபதியாக வருபவரும் பெரும்பாலும் சேலை கட்டிய ஆண்தான். துகிலுரியும் காட்சியில் யாரும் அவரைப் பார்த்துச் சிரிப்பதில்லை, கண் கலங்குவார்கள்.

டிவியில் அந்தச் சேலையே ஜோக் ஆகிவிட்டது. அதுவும், சித்திரை மாதம் நாடெங்கிலும் இருந்து திருநங்கைகள் கூடும் கூவாகம் இருக்கிற இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்து வீடுகளிலும்தான் அது ஓடுகிறது.

எங்கே சறுக்கியது?

1990-களின் இறுதியில் வந்த நாகாவின் 'ரமணி வெர்சஸ் ரமணி'யில் கணவன் மனைவி சண்டைதான் காமெடி. சந்தானம் போன்றவர்களை அடையாளம் காட்டிய 'லொள்ளு சபா', பெரிய ஹீரோக்களின் படங்களையே கிண்டலடித்தது. இரண்டுக்கும் உட்கார்ந்து எழுத ஆள் வேண்டும்.

2005-ல் 'கலக்கப் போவது யாரு' வந்தபிறகு போட்டி மேடை பெரிதானது. சிவகார்த்திகேயன் மாதிரி சிபாரிசு இல்லாத இளைஞர்களுக்குக் கதவு திறந்தது. அதை மறுக்க முடியாது. சிக்கல் நேரத்தில்தான். சில நிமிடத்துக்குள் கைதட்டல் வாங்கியாக வேண்டும். கதாபாத்திரத்தை உருவாக்க நேரம் இல்லை. குண்டு, கறுப்பு, வழுக்கை என்றால் எந்த முன்கதையும் தேவையில்லை, உடனே சிரிப்பு. அந்தத் துண்டே பிறகு யூடியூபிலும் ஓடும்.

சட்டம் என்ன சொல்லுது?

சினிமாவுக்குத் தணிக்கை உண்டு. காமெடி ஷோக்களுக்கு அப்படி முன்கூட்டிய தணிக்கை கிடையாது. கேபிள் டிவி விதிகள் 1994-ன் 6-வது விதிதான் வேலி. ஆபாசம், பெண்களை இழிவுபடுத்துவது எல்லாம் அதில் தடை.

2024 ஜூலையில் ஒரு இந்திப் பட வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான வித்தியாசத்தைச் சொன்னது. மாற்றுத்திறனைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, மாற்றுத்திறனாளிகளை மட்டம் தட்டும் நகைச்சுவை வேறு. கட்டியங்காரனுக்கு இது எப்போதோ தெரிந்திருக்கிறது!

புகார் செய்ய முடியுமா?

முடியும். 2021 விதித் திருத்தத்தின்படி முதலில் சேனலுக்கே எழுத வேண்டும். 24 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், 15 நாளுக்குள் முடிவு. அதில் திருப்தி இல்லையென்றால் ஒளிபரப்பாளர்களின் சுய ஒழுங்குமுறை அமைப்பு, அதற்கும் மேல் மத்திய அரசின் குழு. எழுதும்போது நிகழ்ச்சியின் பெயர், ஒளிபரப்பான தேதி, நேரம், உறுத்திய வசனம் எல்லாவற்றையும் குறிப்பிடுங்கள். "ஒரே ஆபாசமா இருக்கு" என்று மட்டும் அனுப்பினால் எதை விசாரிப்பார்கள்?