பதிலாசிரியையா? துணையாசிரியையா?

ஆழ்வார்பேட்டையில், டி.டி.கே. சாலையை ஒட்டிய தெரு ஒன்றில் வசிக்கும் சகோதரி ஒருவர் அஸர் தொழுகைக்குப் பின் எம் இல்லம் வந்தார். பி.எஸ்ஸி., பி.எட். பயின்றவர்; இரு குழந்தைகளின் தாய். கணவருக்குச் சிறு வியாபாரம். மூன்றாண்டுகளாக ‘லீவு வேகன்சி’ எனப்படும் விடுப்புக்காலப் பணியிடங்களில் பாடம் நடத்தி வருகிறார். பேறுகால விடுப்பில் ஓர் ஆசிரியை சென்றால் இவர் வருவார். அவர் திரும்பினால் இவர் வீட்டுக்குத் திரும்புவார்.

இப்போது வேறொரு பள்ளியிலிருந்து அழைப்பு வந்துள்ளது. இரண்டாம் வகுப்பில் பயிலும் ஆட்டிசம் உள்ள சிறுவனுக்கு அருகிலேயே அமர்ந்து, அவன் பாடத்தைப் பின்பற்ற உதவ வேண்டும். ‘ஷேடோ டீச்சர்’ என்கிறார்கள். ஊதியம் சற்றுக் குறைவு. ஆனால் ஆண்டு முழுவதும் கிடைக்கும். “பி.எட். படித்துவிட்டு ஆயா வேலைக்கா போகப் போகிறாய்?” என்று மாமியார் கேட்டுவிட்டாராம். “நான் என்ன செய்யட்டும் அக்கா?” என்று கேட்டபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

இஃது அவர் ஒருவருடைய கேள்வி மட்டுமன்று. அருகிலுள்ள தேனாம்பேட்டையில் நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்களின் முயற்சியால் 1955இல் தோன்றிய பெண்கள் கல்லூரி, நம் இல்லங்கள் பலவற்றில் பட்டதாரிப் பெண்களை உருவாக்கியிருக்கிறது. படித்த பெண் வீட்டையும் கவனித்துக்கொண்டு செய்யத்தக்க பணி ஆசிரியப் பணியே என்று நம்மவர் கருதுகின்றனர். ஆனால் நிரந்தரப் பணி எளிதில் கிடைப்பதில்லை. இடைப்பட்ட பணிகளில் எதைத் தேர்வது என்பதை அமைதியாக எண்ணிப் பார்ப்போம்.

முதலில் பதிலாசிரியைப் பணி. வகுப்பு முழுவதும் அவர் பொறுப்பில் இருக்கிறது. பாடம் நடத்தும் பழக்கம் விட்டுப் போவதில்லை. அது சிறப்பு. குறை என்னவெனில், பணிக்கு ஆயுள் குறைவு. கோடை விடுமுறையில் ஊதியம் இராது. 2022 ஜூனில் அரசுப் பள்ளிக் காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாகத் தற்காலிகமாக நிரப்பத் தமிழக அரசு ஆணையிட்டது. அப்போது இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாயும், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000 ரூபாயும், முதுநிலை ஆசிரியருக்கு 12,000 ரூபாயும் தொகுப்பூதியமாக அறிவிக்கப்பட்டன. தற்காலிகப் பணியின் மதிப்பை அறிய இந்த எண்களே போதும்.

இப்பாதை நிரந்தரப் பணியில் சென்று முடிய வேண்டுமானால் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும். எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போருக்கு 2010 முதல் இது கட்டாயம். தேறியவரின் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும் என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், பணியில் இருப்போரிலும் ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டாண்டுக்குள் தேற வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வியைப் பெரிய அமர்வின் பார்வைக்கு விட்டது. “நம் சமுதாயப் பள்ளிதானே, தேர்வு எதற்கு?” என்று சகோதரிகள் இருந்துவிடலாகாது. தேர்வு எழுதாமல் பத்தாண்டுகள் பதிலாசிரியையாக இருப்பவர், பத்தாண்டு கழித்தும் பதிலாசிரியையாகவே இருப்பார்.

இனித் துணையாசிரியைப் பணி. மாற்றுத் திறனாளிக் குழந்தைகளும் பிற குழந்தைகளோடு அமர்ந்து கற்கப் பள்ளிகள் வகை செய்ய வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாடுகளின் பட்டியல் இதில் 21 ஆயிற்று. ஆட்டிசமும் அதில் அடங்கும். தொடக்க வகுப்புகளில் இத்தகைய 10 குழந்தைகளுக்கும், மேல் வகுப்புகளில் 15 குழந்தைகளுக்கும் ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்கான பணியிடங்களை அறிவிக்குமாறு 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஆகவே இத்துறையில் ஆள் தேவை கூடிக்கொண்டே போகும்.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. துணையாசிரியை வேறு, சிறப்பாசிரியர் வேறு. சிறப்பாசிரியராவதற்கு 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற வேண்டும். அதற்குச் சிறப்புக் கல்வியில் இரண்டாண்டுப் பட்டயமோ பி.எட். பட்டமோ தேவை; பொதுவான பி.எட். போதாது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத் திறனாளிகளுக்கான நிறுவனம் இருக்கிறது. ஆழ்வார்பேட்டைக்கு அண்மையில், கோட்டூர்புரத்தில் 1985இல் பூனம் நடராஜன் தொடங்கிய வித்யா சாகர் இருக்கிறது. பயிற்சி பற்றி இத்தகைய இடங்களில் நேரில் சென்று விசாரிக்கலாம்.

மற்றொன்று: துணையாசிரியைக்கு ஊதியம் தருவது பள்ளியா, பெற்றோரா? பல இடங்களில் பெற்றோரே தருகின்றனர். குழந்தை ஒரு வாரம் வராவிட்டால் ஊதியம் உண்டா? விடுப்பு உண்டா? அனுபவச் சான்று தருவது யார்? இவற்றை எழுத்தில் பெறாமல் சேரலாகாது.

“ஆயா வேலை” என்ற சொல்லுக்கு வருவோம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்த வேளையில், பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அறிவு தேடி வந்தார். அவர்பால் முகம் திருப்பாதது குறித்தே ‘அபஸ’ அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கின. பின்னாளில் அவர் மதீனாவில் பாங்கு சொல்லும் பேறு பெற்றார். நபியவர்கள் வெளியூர் சென்றபோது நகரின் பொறுப்பையும் ஏற்றார். கற்க வந்த குழந்தையின் பக்கத்தில் அமர்வதை இழிவென்று சொல்ல, இந்த வரலாற்றை ஓதும் நமக்கு எப்படி நா எழும்?

எனினும் பணி உயர்ந்தது என்பதற்காக, ஊதியமும் உரிமையும் கேட்காமல் செய்ய வேண்டும் என்பதில்லை. தொழிலாளியின் கூலியை வியர்வை உலருமுன் கொடுக்கச் சொன்னதும் நம் மார்க்கமே.

இவற்றையெல்லாம் பேசிய பின், அச்சகோதரி நெஞ்சை உறுத்திய செய்தியைச் சொன்னார். அச்சிறுவனுக்கு அந்த ஆண்டிலேயே இரு துணையாசிரியைகள் வந்து, இடையில் விலகிவிட்டனராம். “நீங்களும் போய்விடுவீர்களா?” என்று அவனுடைய தாய் கேட்டாராம். பழகிய முகம் மாறினால் அத்தகைய பிள்ளை பெரிதும் தவித்துப் போகும். பதிலாசிரியை பாதியில் போனால் வகுப்புக்கு இன்னொருவர் வருவார். துணையாசிரியை போனால் அந்த ஒரு பிள்ளையின் உலகமே கலைந்துவிடும். ஆதலால், ‘வேறு நல்ல வேலை கிடைக்கும் வரை’ என்ற எண்ணத்தோடு ஏற்கத் தக்க பணியன்று அது. ஏற்றுக்கொண்ட பொறுப்பு அமானிதம்.

குடும்பத்தாரோடு மஷூரா செய்யுங்கள். விசாரிக்க வேண்டியதை விசாரித்துவிட்டு இஸ்திகாரா தொழுங்கள் என்று சொல்லி அனுப்பினோம்.

பத்து நாள் கழித்து வந்தார். இப்போது இருக்கும் வகுப்பை ஆண்டுத் தேர்வு வரை முடித்துக் கொடுத்துவிட்டு, ஜூன் முதல் சிறுவனிடம் செல்கிறாராம். ஓராண்டு விலகுவதில்லை என்று அவரும், விடுமுறை மாதத்திற்கும் ஊதியம் உண்டு என்று பள்ளியும் எழுதிக் கொடுத்துள்ளனர். சிறப்புக் கல்விப் பயிற்சி பற்றி விசாரித்து வந்திருக்கிறார். தகுதித் தேர்வுக்கும் படிக்கிறார்.

“மாமியார் என்ன சொல்கிறார்?” என்றோம்.

“அந்தப் பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார்கள், அக்கா” என்றார்.