தண்டவாளம் காணாத ரயில் நிலையம்

ஜார்ஜ்டவுன் கடற்கரையில் மணிக்கூண்டுடன் விளங்கும் சுங்க மாளிகை முன்னர் ரயில் நிலையமாக இருந்தது என்றால் மாணவர் வியப்பர். அங்குத் தண்டவாளமே இருந்ததில்லை! சீட்டு வாங்கியோர் படகில் கடல் கடந்து, பிறையில் வண்டி ஏறினர்.

மலாயாவின் முதல் இருப்புப் பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு துறைக்கு ஈயம் கொண்டு செல்லவே அமைந்தது. பிறையிலிருந்து சென்ற நெடும்பாதை 1909இல் ஜொகூர் பாருவை எட்டியது. அப்பாதையைப் பேணியோருள் தமிழர் பலர். ரப்பர் ஓங்கியதும், பினாங்கில் கப்பலிறங்கிய நம் முன்னோரை அதே பாதை தோட்டங்களில் கொண்டு சேர்த்தது.

2015 முதல் பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூருக்கு மின்சார வண்டி செல்கிறது. அன்று தோட்டத்துக்கு ஆள் கொணர்ந்த தடம், இன்று அவர்தம் கொள்ளுப்பேரரைக் கல்விக்கும் பணிக்கும் தலைநகர் அழைத்துச் செல்கிறது. ஆசிரியர்களே, வரலாற்றுப் பாடத்தை அம்மணிக்கூண்டின் அடியிலிருந்தே தொடங்கலாமன்றோ?