விண்ணென்று நிற்கும் வேலி!



உங்கள் வீட்டுக் கொல்லையில் துணி காயப்போடும் கொடி இருக்கிறதா? கட்டிய அன்று நேராக இருந்த கொடி, ஈரப் போர்வை இரண்டைப் போட்டதும் நடுவில் தொய்ந்து தரையைத் தொட்டிருக்குமே, கவனித்தீர்களா? நாலு மீட்டர் கொடிக்கே இந்தப் பாடு! அப்படியென்றால் தோட்டத்தைச் சுற்றி நூறு மீட்டர், இருநூறு மீட்டர் என்று ஓடும் கம்பி வேலி மட்டும் எப்படித் தொய்யாமல் விண்ணென்று நிற்கிறது?

அதற்கென்றே ஒரு கைக்கருவி இருக்கிறது. கம்பியை இழுத்து இறுக்கும் கருவி. 'புல்லர்' என்று சொல்வார்கள். பார்ப்பதற்குச் சாதாரணமாக இருக்கும் இந்தக் கருவிக்குள் உங்கள் அறிவியல் பாடம் பாதி அடங்கியிருக்கிறது. வாருங்கள், தெரிந்துகொள்வோம்.

மலையடிவாரத்து ஊர்

தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூரிலிருந்து கோம்பை செல்லும் வழியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருக்கிறது தேவாரம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவின் இடுக்கி மாவட்டம். அங்கே ஏலக்காய்த் தோட்டங்கள். இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து விடியும் முன்பே ஜீப்புகளில் ஏறி, ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வருபவர்கள் ஏராளம். மலையின் இந்தப் பக்கம் அடிவாரத்தில் தென்னை, மா, இலவ மரம், மொச்சை, சோளம் என்று பயிர்கள்.

தோட்டத்தின் கடைசி வரப்பைத் தாண்டினால் காடு. காட்டில் இருப்பவர்களுக்கும் பசிக்குமே! காட்டுப்பன்றி வரும், காட்டுமாடு வரும், யானையும் வரும். 2018ஆம் ஆண்டில் தேவாரம் மலையடிவாரத்தில் ஒரு மக்னா யானை தோட்டங்களுக்குள் நுழைந்து பெரும் சேதம் செய்தது. அதைக் காட்டுக்குள் விரட்ட, பழக்கிய கும்கி யானைகளை வனத்துறையினர் வரவழைத்தார்கள். மக்னா என்றால் என்ன தெரியுமா? தந்தம் இல்லாத ஆண் யானை!

இப்படிப்பட்ட ஊரில் வேலி என்பது அழகுக்காகப் போடுவது அல்ல. ஒரு வருட உழைப்பைக் காப்பாற்றும் காவல்காரன் அது.

கிளுவையும் கள்ளியும்

கம்பி வருவதற்கு முன்பும் வேலி இருந்தது. கிளுவைக் குச்சிகளை வெட்டி வரிசையாக ஊன்றினால், மழைக்குத் துளிர்த்து உயிர்வேலியாகிவிடும். கள்ளியை வைத்தார்கள். இலந்தை முள்ளை வெட்டி அடைத்தார்கள். காட்டுக் கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். இந்த வேலிகளில் ஓணான் ஓடும், செம்போத்து கூடு கட்டும், கீரி பதுங்கும். நம் முன்னோருக்கு வேலி எவ்வளவு முக்கியம் என்றால், நிலத்தை அளக்கும் அளவுக்கே 'வேலி' என்று பெயர் வைத்தார்கள். இருபது மா சேர்ந்தது ஒரு வேலி. ஏறத்தாழ ஆறரை ஏக்கருக்கும் சற்றே கூடுதல்.

முள்வேலியை மக்களுக்கு எதிராகவும் பயன்படுத்தியவர்கள் உண்டு. உப்புக்கு வரி வாங்கிய ஆங்கிலேயர்கள், வரி கட்டாத உப்பு கடந்துவிடாமல் இருக்க, சிந்து நதிப் பக்கத்திலிருந்து மகாநதிப் பக்கம் வரை சுமார் 4,000 கிலோமீட்டருக்குச் சுங்க எல்லை போட்டார்கள். அதன் பெரும்பகுதியில் முள்செடிகளை வளர்த்தும் முள்ளை அடைத்தும் வேலி அமைத்துக் காவலுக்கு ஆள் நிறுத்தினார்கள். 1879இல் அது கைவிடப்பட்டது.

உயிர்வேலியில் ஒரு சிரமம். வளர வருடக்கணக்கில் ஆகும். ஆண்டுதோறும் வெட்டிவிட வேண்டும். அதனால்தான் கம்பி வந்ததும் பலர் அதற்கு மாறினார்கள்.

முள்கம்பியைத் தந்தவர் யார்?

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் டிகால்ப் என்ற ஊரில் ஜோசப் கிளிடன் என்ற விவசாயி இருந்தார். விவசாயத்துக்கு வருமுன் அவர் பள்ளி ஆசிரியராகவும் வேலை பார்த்தவர். (ஆசிரியர் என்றதும் எனக்குக் கொஞ்சம் பெருமை!) வெறும் கம்பியில் வேலி போட்டால் மாடுகள் முதுகைத் தேய்த்தே அதைச் சாய்த்துவிடும். முள்கம்பிக்கு அவருக்கு முன்பே சிலர் முயன்றார்கள். ஆனால் முள் ஒரு பக்கமாக நழுவிவிடும். கிளிடன் என்ன செய்தார்? முள்ளை ஒரு கம்பியில் சுற்றி, இன்னொரு கம்பியை அதோடு சேர்த்து முறுக்கிவிட்டார். இரண்டுக்கும் நடுவே முள் சிக்கிக்கொண்டு அசையாமல் நின்றது! முதலில் முள்களைச் சுருட்டுவதற்குக் காபிக்கொட்டை அரைக்கும் கை இயந்திரத்தையே அவர் மாற்றியமைத்துப் பயன்படுத்தினார் என்று சொல்வார்கள். 1874 நவம்பர் 24ஆம் தேதி அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

கம்பி கிடைத்துவிட்டது. ஆனால் புதிய தொல்லை ஒன்று வந்தது. அதுதான் தொய்வு!

தொய்ந்தால் என்ன ஆகும்?

தொய்ந்த கம்பியை ஆடு தலையால் தூக்கிவிட்டு உள்ளே போய்விடும். அடிக்கம்பி தொய்ந்தால் காட்டுப்பன்றி மூக்கால் நெம்பி நுழைந்துவிடும். இதைவிட மோசம், தொய்ந்த கம்பியில் விலங்குகளின் கால் சிக்கிக்கொள்ளும். இறுகிய கம்பி விலங்கைத் தடுத்துத் திருப்பி அனுப்பும். தொய்ந்த கம்பியோ கண்ணி போலப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே கம்பியை இறுக்க வேண்டும். கையால் இழுத்தால்? இரண்டு பேர் சேர்ந்து இழுத்தாலும் போதாது. அதுவும் முள்கம்பி, கை கிழிந்துவிடும்.

நம் ஊரில் பழைய வழி ஒன்று உண்டு: கடப்பாரை. கம்பியைக் கடப்பாரையின் அடிப்பகுதியில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைத் தூணுக்கு முட்டுக் கொடுத்து, மேல்பகுதியைப் பிடித்துத் தள்ளினால் கம்பி இறுகும். இது நெம்புகோல் தத்துவம். கடப்பாரையின் நீளம் 60 அங்குலம், கம்பி சுற்றிய இடம் நுனியிலிருந்து 3 அங்குலம் என்றால், நம் பலம் சுமார் 20 மடங்காகிறது! ஆனால் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளியபடியே நிற்க, இன்னொருவர் அவசரமாகக் கம்பியை முடுக்கிக் கட்ட வேண்டும். தள்ளுபவர் கொஞ்சம் தளர்ந்தாலும் கம்பி பின்வாங்கிவிடும். செய்த வேலை வீண்!

'டக்... டக்...' ரகசியம்

இங்கேதான் நம் கருவி உதவிக்கு வருகிறது. அதில் மூன்று பாகங்கள் முக்கியம்.

ஒன்று, கம்பியைக் கவ்வும் தாடை. மாட்டுக் கயிற்றில் போடும் சுருக்கு, இழுக்க இழுக்க இறுகும் அல்லவா? அதுபோல இந்தத் தாடையும் கம்பி இழுபட இழுபட இன்னும் பலமாகக் கவ்விக்கொள்ளும்.

இரண்டு, நீண்ட கைப்பிடி. கைப்பிடி 40 சென்டிமீட்டர், அது சுழற்றும் உருளையின் ஆரம் 2 சென்டிமீட்டர் என்றால் எத்தனை மடங்கு? 40ஐ 2ஆல் வகுத்தால் 20. நீங்கள் 10 கிலோ பலத்தோடு இழுத்தால், கம்பியின்மேல் 200 கிலோ பலம்! உராய்வில் கொஞ்சம் போய்விடும் என்பதையும் மறக்காதீர்கள். இன்னொன்றும் உண்டு. பலம் 20 மடங்கு கூடினால், கை நகரும் தூரமும் 20 மடங்கு கூடும். கை 20 சென்டிமீட்டர் நகர்ந்தால் கம்பி 1 சென்டிமீட்டர்தான் நகரும். இயற்கை எதையும் இலவசமாகக் கொடுப்பதில்லை!

மூன்றாவதுதான் அருமையான பாகம். பற்சக்கரமும் அதன்மேல் உட்காரும் சிறு நாக்கும். சக்கரம் ஒரு பக்கம் சுற்றும்போது நாக்கு ஒவ்வொரு பல்லாகத் தாண்டி 'டக், டக்' என்று விழும். எதிர்ப்பக்கம் திரும்பப் பார்த்தால் நாக்கு பல்லில் முட்டிக்கொண்டு விடாது. எனவே கையை எடுத்தாலும் கம்பி பின்வாங்காது. ஓய்வெடுத்து, தண்ணீர் குடித்துவிட்டு வந்தும் மீண்டும் இழுக்கலாம். ஒருவரே இழுத்து அவரே கட்டலாம்!

இந்த 'டக் டக்' உங்களுக்குப் புதிதல்ல. சைக்கிளை மிதிக்காமல் உருளவிடும்போது பின்சக்கரத்தில் ஒரு சத்தம் கேட்குமே? ஃப்ரீவீலுக்குள் இருப்பதும் இதே பற்சக்கரமும் நாக்கும்தான்.

சைக்கிளில் போன அம்மா

சைக்கிள் என்றதும் நியூசிலாந்துக் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. அங்கே ஒட்டாகோ பகுதியில் ஓட்டுரேஹுவா என்ற சிற்றூரில் எர்னஸ்ட் ஹேய்ஸ் என்பவர் 1895இல் ஒரு சிறு பட்டறை தொடங்கினார். விவசாயிகளுக்குத் தேவையான கருவிகளை அவரே யோசித்துச் செய்தார். ஆனால் பண்ணைகள் ஒன்றுக்கொன்று வெகு தூரம். யார் போய் விற்பது?

அவருடைய மனைவி ஹன்னா சைக்கிளில் ஏறினார்! வீட்டையும் குழந்தைகளையும் கவனித்துக்கொண்டே, கரடுமுரடான பாதைகளில் பண்ணை பண்ணையாகப் போய், கணவர் செய்த கருவிகளைக் காட்டி விற்றுவந்தார். தொழில் வளர்ந்தது. 1924இல் ஹேய்ஸ் செய்த கம்பி இறுக்கும் கருவிக்குக் காப்புரிமை கிடைத்தது; அது உலகின் பல நாடுகளுக்கும் போனது. கம்பியைக் காயப்படுத்தாமல் வழுவழுப்பாகக் கவ்வுவது அதன் சிறப்பு. ஏன் காயப்படுத்தக் கூடாது? வேலிக்கம்பியின்மேல் துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகப் பூச்சு இருக்கும். அது உரிந்தால் அந்த இடத்தில் துரு ஏறி, கம்பி அங்கேயே அறுந்துபோகும். அந்தப் பட்டறை இன்று நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது.

வெயிலும் பனியும்

கருவி இருந்தால் மட்டும் போதாது, பக்குவமும் வேண்டும். வெப்பத்தில் இரும்பு நீளும், குளிரில் சுருங்கும். 100 மீட்டர் எஃகுக் கம்பி, வெப்பம் 20 டிகிரி கூடினால் சுமார் 24 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஓர் அங்குலம் நீளும். உச்சி வெயிலில் முழு மூச்சாக இறுக்கிவிட்டால், மார்கழி விடியற்காலையில் கம்பி சுருங்கி இன்னும் இறுகும். தாங்காவிட்டால் அறுந்துபோகும், அல்லது மூலைத்தூணைச் சாய்த்துவிடும். அதனால்தான் மூலைத்தூணுக்குச் சாய்வாக முட்டுக்கால் கொடுக்கிறார்கள். வேலியின் இழுப்பு முழுவதையும் தாங்குபவை மூலைத்தூண்கள்தான். நடுவில் நிற்பவை கம்பியைத் தூக்கிப் பிடிப்பவை.

சூரிய ஒளி வேலி

மலையடிவாரங்களில் இப்போது சூரிய ஒளி மின்வேலியும் போடுகிறார்கள். இதில் ஓடும் மின்சாரம் வீட்டு மின்சாரம் போல் தொடர்ந்து ஓடாது. விநாடிக்கு ஒரு முறை என்ற கணக்கில், கண் இமைப்பதைவிட மிகக் குறைந்த நேரமே துடித்து நிற்கும். தொட்ட விலங்குக்குச் சுரீர் என்று வலிக்கும், பயந்து விலகிப்போகும், உயிர் போகாது. இந்த வேலிக்கும் இறுக்கம் முக்கியம். கம்பி தொய்ந்து புல்லையோ தூணையோ தொட்டால் மின்துடிப்பு தரையில் இறங்கி வீணாகும். முள்கம்பியில் இந்தத் துடிப்பை ஒருபோதும் செலுத்தக் கூடாது. முள்ளில் மாட்டிக்கொண்ட விலங்கால் விலக முடியாது. யானைக்கு மூளை பெரிதல்லவா? மரக்கிளையைக் கம்பிமேல் போட்டு வேலியைச் சாய்க்கும் யானைகளும் உண்டு!

ஆனால் சிலர் வீட்டு மின்சாரத்தையே திருட்டுத்தனமாக வேலியில் இணைத்துவிடுகிறார்கள். அது குற்றம் மட்டுமல்ல, கொலைக்குச் சமம். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே இப்படிப்பட்ட வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் தாய் எழுந்திருக்கும் என்று அங்கேயே சுற்றி நின்ற காட்சியைக் கண்டு கலங்காதவர் இல்லை. இத்தகைய வேலிகளில் மனிதர்களும் உயிரிழக்கிறார்கள். மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த 2023இல் தமிழக அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது.

வேலி நம் பயிரைக் காக்கட்டும். எதிரில் இருப்பதும் ஓர் உயிர் என்பதை மறக்காத வேலியாக அது இருக்கட்டும்.

கவனம், குழந்தைகளே!

கம்பி இறுக்கும் வேலை பெரியவர்களுக்கு உரியது. இழுபட்ட கம்பி அறுந்தால் சாட்டை போலச் சுழன்று அடிக்கும். வேலை நடக்கும்போது கம்பிக்கு நேராக நிற்காதீர்கள். எட்டி நின்று பாருங்கள். தெரியாத வேலி எதையும் தொடாதீர்கள்.

செய்து பாருங்கள்

இரண்டு மீட்டர் கயிறு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுங்கள். மூன்றாவது ஆள் கயிற்றின் நடுவில் ஒரு புத்தகப் பையைத் தொங்கவிடட்டும். இப்போது கயிற்றை மட்டமாக, நேர்கோடாக இழுத்துக் காட்டுங்கள் பார்க்கலாம்! எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் முடியாது. நடுவில் கொஞ்சமாவது தொய்வு இருக்கும். ஏன்? நீங்கள் இழுப்பது பக்கவாட்டில்; பையின் எடையோ கீழ்நோக்கி. பையைத் தூக்கிப் பிடிக்கக் கயிறு கொஞ்சமாவது சாய்ந்தே ஆக வேண்டும். எவ்வளவு குறைவாகச் சாய்கிறதோ, அவ்வளவு அதிக பலம் தேவை.

பையை எடுத்துவிட்டு அதே கயிற்றை இழுத்து, நடுவில் விரலால் சுண்டிப் பாருங்கள். இன்னும் இறுக்கமாக இழுத்து மறுபடி சுண்டுங்கள். அதிர்வு வேகமாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இறுகிய கம்பி 'விண்' என்று ஒலிப்பதும், வீணைத் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்ப்பதும் இதே கணக்கில்தான். நாளை வகுப்பில் நண்பர்களோடு செய்து பார்த்து, காரணத்தை நீங்களே விளக்கிச் சொல்லுங்கள்.