கோபுரமும் தலையணையும்

பக்கத்து மாடியில் நிற்கும் செல்போன் கோபுரத்தைக் கண்டு பயப்படுகிறோம். காதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் செல்போனை மறந்துவிடுகிறோம். மின்காந்தப் புலங்கள் பற்றி அறிவியல் உறுதியாகச் சொல்வது என்ன?

குவாலியரின் தால் பஜார் பகுதியில் வீட்டு வேலை செய்துவந்தவர் அவர். பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் 2002ல் ஒரு செல்போன் கோபுரம் முளைத்தது. அவர் வேலை பார்த்த வீட்டிலிருந்து 50 மீட்டர் தூரம்கூட இல்லை. பிறகு அவருக்கு ஹாட்ஜ்கின்ஸ் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வந்தது. 14 வருடக் கதிர்வீச்சுதான் காரணம் என்று உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டார். 2017ல் ரஞ்சன் கோகோய், நவீன் சின்ஹா ஆகிய நீதிபதிகள், ஏழு நாட்களுக்குள் கோபுரத்தின் இயக்கத்தை நிறுத்தும்படி உத்தரவிட்டார்கள். தனி மனிதர் ஒருவரின் புகாரால் இந்தியாவில் ஒரு கோபுரம் மூடப்பட்டது இதுவே முதல் முறை என்று பத்திரிகைகள் எழுதின.

கோபுரம் மௌனமானது. ஆனால் கேள்வி ஓயவில்லை. புற்றுநோய்க்குக் கோபுரம்தான் காரணமா?

இதற்குப் பதில் தேடுமுன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நம்மைச் சுற்றியிருப்பது ஒரே விதமான புலம் அல்ல. வீட்டு வயர்கள், டிரான்ஸ்பார்மர், மிக்ஸி ஆகியவற்றைச் சுற்றி நொடிக்கு 50 முறை துடிக்கும் புலம் இருக்கிறது. செல்போனும் கோபுரமும் அனுப்பும் ரேடியோ அலைகளோ நொடிக்குப் பல கோடி முறை துடிப்பவை. எக்ஸ்-ரே போல உடலின் மூலக்கூறுகளை உடைக்கும் சக்தி இரண்டுக்குமே கிடையாது. ரேடியோ அலைகளால் ஏற்படும் நிரூபணமான விளைவு, திசுக்களைச் சற்றே சூடாக்குவது மட்டுமே.

அப்படியானால் சந்தேகம் எங்கிருந்து வந்தது? 1979ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் நான்சி வெர்தைமர், எட் லீப்பர் இருவரும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் வீடுகளுக்கு அருகே அதிக மின்னோட்டம் செல்லும் கம்பிகள் கூடுதலாக இருந்ததை அவர்கள் கண்டார்கள். அதன்பின் பல நாடுகளில் ஆய்வுகள் நடந்தன. அவற்றில் ஒன்பதை ஒன்றுசேர்த்து 2000த்தில் அலசினார்கள். வீட்டின் சராசரிக் காந்தப் புலம் 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் இருந்த குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் ஆபத்து சுமார் இரு மடங்கு தெரிந்தது. ஆனால் அந்த அளவுக்கு ஆளானவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. புலம்தான் நோயை உண்டாக்குகிறதா, வேறு காரணம் ஒளிந்திருக்கிறதா என்பது இன்னும் முடிவாகவில்லை.

சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு மையம் இந்தக் காந்தப் புலங்களை 2002லும் ரேடியோ அலைகளை 2011லும் '2பி' பட்டியலில் சேர்த்தது. 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்பது இதன் பொருள். மிரள வேண்டாம். ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறிகளும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. ஆதாரம் எவ்வளவு வலுவானது என்பதைத்தான் பட்டியல் சொல்கிறது. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அல்ல.

அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் 2018ல் சந்தேகத்தைக் கூட்டியது. தினமும் ஒன்பது மணி நேரம், உடல் முழுவதும், செல்போன் அலைகளில் வைக்கப்பட்ட ஆண் எலிகளின் இதயத்தில் கட்டிகள் தோன்றின. ஆனால் அலைகள் படாத எலிகளைவிட அவையே அதிக நாள் வாழ்ந்தன என்பது விசித்திரம். 2024ல் வெளிவந்த ஒரு மதிப்பாய்வு சந்தேகத்தைக் குறைத்தது. உலக சுகாதார நிறுவனத்துக்காக, மனிதர்களிடம் நடந்த 63 ஆய்வுகளை அலசிய நிபுணர்கள், பத்து வருடங்களுக்கு மேல் செல்போன் பேசியவர்களிடமும் மூளைப் புற்றுநோய் கூடவில்லை என்றார்கள்.

தூரம்தான் கவசம்

இந்த விவாதத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்வது ஒன்று உண்டு. தூரம் கூடக் கூடப் புலம் வேகமாகக் குறையும். ஹேர் டிரையரை 3 செ.மீ. தூரத்தில் பிடித்தால் காந்தப் புலம் 2,000 மைக்ரோடெஸ்லா வரை போகலாம். ஒரு மீட்டர் தள்ளினால் 0.03தான். கோபுரத்துக்கும் இதே கணக்குதான். அதன் சக்தி பெரிது. ஆனால் நம்மை வந்து சேர்வதற்குள் பரவி மெலிந்துவிடுகிறது. செல்போனின் சக்தி சிறிது. ஆனால் அது கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதில் ஒரு முரண்பாடு இருக்கிறது. சிக்னல் பலவீனமான இடத்தில், தொலைவிலுள்ள கோபுரத்தை எட்ட செல்போன் தன் சக்தியைக் கூட்டிக்கொள்கிறது. அதாவது தெருக் கோபுரத்தை விரட்டிவிட்டு வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தால், தலைக்கு வரும் அலைகள் குறையாமல் கூடவும் செய்யலாம்.

அதற்காக மக்களின் கோபத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. கோபுரத்தின் வாடகை மொட்டைமாடிச் சொந்தக்காரருக்குப் போகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைப்பது பயம் மட்டுமே. பல இடங்களில் அவரை யாரும் கேட்பதுகூட இல்லை. இந்த அதிருப்திதான் நீதிமன்றங்களுக்குப் போகிறது. 2012 நவம்பரில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் பள்ளிகள், மருத்துவமனைகளில் இருந்த கோபுரங்களை அகற்றச் சொன்னது. ஆனால் 5ஜி சேவையை எதிர்த்து நடிகை ஜூஹி சாவ்லா தொடுத்த வழக்கை 2021ல் டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்து 20 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. அது பிறகு 2 லட்சமாகக் குறைக்கப்பட்டது.

அரசும் சும்மா இருந்துவிடவில்லை. 2012 செப்டம்பர் 1 முதல் கோபுரக் கதிர்வீச்சின் வரம்பு சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்காக்கப்பட்டது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைகளுக்கு சதுர மீட்டருக்கு 4.5 வாட் என்பது 0.45 வாட் ஆனது. செல்போனிலிருந்து உடல் ஏற்கும் சக்திக்கும் கிலோவுக்கு 1.6 வாட் என்று வரம்பு வைக்கப்பட்டது. பல செல்போன்களில் *#07# என்று அழுத்தினால் அந்த எண் திரையில் வரும். ஒரு கோபுரம் விதிப்படி இயங்குகிறதா என்று யாரும் பார்ப்பதற்காக 2017ல் 'தரங் சஞ்சார்' என்ற இணையதளம் தொடங்கப்பட்டது. 4,000 ரூபாய் கட்டி வீட்டருகே அளந்து பார்க்கக் கோரவும் அதில் வழி செய்யப்பட்டது. வீட்டு வேலை செய்து பிழைப்பவருக்கு 4,000 ரூபாய் சிறிய தொகை அல்ல.

பயத்தைவிடப் பழக்கம் உதவும். நீண்ட நேரம் பேசுவதானால் ஸ்பீக்கரோ வயருள்ள இயர்போனோ பயன்படுத்தலாம். சிக்னல் மங்கிய இடத்தில் பேச்சைச் சுருக்கலாம். குழந்தைகளின் கையில் செல்போன் இருக்கும் நேரத்தைக் குறைக்கலாம். தலையணைக்கடியில் வைப்பதற்குப் பதில் இரவில் மேஜைமேல் வைக்கலாம். இதற்கு நீதிமன்ற உத்தரவு தேவையில்லை.

குவாலியர்க்காரரின் நோய்க்கு அந்தக் கோபுரம்தான் காரணமா? தனி மனிதர் ஒருவரின் விஷயத்தில் எந்த ஆய்வாலும் அதைச் சொல்லிவிட முடியாது. ஆனால் கோபுரம் எழுவதற்கு முன்பே பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்டு, எழுந்தபின் அளந்து காட்டியிருந்தால், விடை தேடி அவ்வளவு தூரம் அவர் டெல்லிக்குப் போக வேண்டியிருந்திருக்காது.